இத்தாலியில் தெருமுனை உணவகத்தில் சாப்பிடப் போகிறீர்களா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலிக்கு வந்த இரண்டாவது வாரம், நாங்கள் நால்வர் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு சிறிய உணவகத்துக்கு மாலை ஆறரை மணிக்குப் போனோம். கதவு திறந்திருந்தது, மேசைகளில் விரிப்பும் போட்டிருந்தது; ஆனால் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் தெருவில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, மெனுவில் 6 யூரோ என்று போட்டிருந்த மீன் மலிவாக இருக்கிறதே என்று வரவழைத்தோம். அந்த 6 யூரோ முழு மீனின் விலையல்ல, நூறு கிராமின் விலை என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மீன் 900 கிராம் இருந்திருக்கிறது, 54 யூரோ. அந்தப் பில்லும் தானாக வரவில்லை. வரும், வரும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, பக்கத்து மேசைக்காரர் கேட்டு வாங்குவதைப் பார்த்த பிறகே நாங்களும் கேட்டோம்.

பின்னர் யோசித்துப் பார்த்தால், அந்த உணவகம் எங்களை ஏமாற்றவில்லை. மீன் விலைக்குப் பக்கத்தில் "நூறு கிராமுக்கு" என்ற குறிப்பும், தலைக்கு இவ்வளவு என்ற தனிக் கட்டணமும், திறக்கும் நேரமும் அச்சில் இருந்தன. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. படிப்புக்கோ வேலைக்கோ இங்கே புதிதாக வந்திருப்பவர்கள் அதே பணத்தை இன்னொரு முறை இழக்க வேண்டாம் என்பதற்காக, கிளம்புவதற்கு முன்னிருந்து ரசீது வாங்கும் வரை கவனிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. பெயர்ப்பலகையில் உணவகத்தின் வகையைப் பாருங்கள்

ரிஸ்தொரான்தே என்றிருந்தால் பொதுவாக விலை சற்றுக் கூடுதல், பரிமாறும் முறையும் சம்பிரதாயமானது. த்ரத்தோரியா, ஒஸ்தெரியா என்பவை குடும்பத்தார் நடத்தும் எளிய உணவகங்களைக் குறித்த சொற்கள். இன்று அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மிக விலை உயர்ந்த உணவகங்களும் நடப்பதால், பெயரை மட்டும் நம்பாமல் வாசலில் உள்ள விலையையும் பாருங்கள். பிட்சேரியாவில் பல இடங்களில் விறகடுப்பை மாலையில்தான் மூட்டுவார்கள். மதியம் போய் பிட்சா கேட்டால் இல்லை என்ற பதிலே வரக்கூடும். தாவொலா கால்தா என்பது சமைத்து வைத்திருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டி, கேட்பதைத் தட்டில் போட்டுத் தரும் இடம். மொழி தெரியாத முதல் மாதத்தில் அங்கே போய் விரலால் சுட்டிக் காட்டிச் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உணவுகளின் பெயர்களை நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

2. சமையலறை திறந்திருக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

நாள் முழுவதும் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மதிய உணவு ஏறத்தாழ 12:30 முதல் 14:30 வரை, இரவு உணவு 19:30 முதல் 22:30 வரை. வடக்கே சற்று முன்னதாகவும் தெற்கே சற்றுத் தாமதமாகவும் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் சமையலறை மூடியிருக்கும். அறிவிப்புகளில் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கே பயன்படுகிறது. முடியும் நேரம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கடைசி ஆர்டருக்கான நேரம். 14:25க்கு உள்ளே நுழைந்தால் முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்பவர்கள் சிலரே.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. பல இடங்களில் அது திங்கட்கிழமை. சில இடங்களில் ஞாயிறு இரவும் மூடுவார்கள். ஞாயிறு மதியமோ குடும்பங்கள் கூடிச் சாப்பிடும் வேளை என்பதால் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். ஆகஸ்டு 15 இங்கே பெரிய விடுமுறை. அதை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குக் குடியிருப்புப் பகுதிகளிலுள்ள சிறிய உணவகங்கள் பல "கியூசோ பெர் ஃபேரியே", அதாவது விடுமுறைக்காக மூடியிருக்கிறது என்ற தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடும். இணைய வரைபடத்தில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் அந்த மாதத்தில் தொலைபேசியில் ஒரு முறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

3. மேசையை முன்பதிவு செய்யுங்கள்

வெள்ளி, சனி இரவுகளுக்கு ஓரிரு நாள் முன்னதாகவும், மற்ற நாட்களுக்கு அன்று காலையிலும் சொன்னால் போதும். "வொர்ரேய் ப்ரெனொத்தாரே உன் தாவொலோ பெர் குவாத்ரோ, ஸ்தசேரா, அல்லே ஒத்தோ எ மெட்சா" என்று சொன்னால், இன்றிரவு எட்டரைக்கு நால்வருக்கு மேசை வேண்டும் என்று பொருள். பெயர் கேட்பார்கள். நம் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் களைத்துவிடுவார் என்பதால், இரண்டு அசைக்குள் அடங்கும் ஒரு சுருக்கப் பெயரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சில உணவகங்கள் முன்பதிவின்போது வங்கி அட்டை எண்ணை வாங்கி, வராமல் போனால் தலைக்கு இவ்வளவு பிடிப்போம் என்று நிபந்தனை வைக்கின்றன. எத்தனை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம் என்பதைப் படித்த பிறகே எண்ணைக் கொடுங்கள். வர முடியாவிட்டால் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

4. உட்காரும் முன் விலைப்பட்டியலை வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் பரிமாறும் உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியிலிருந்தே படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வாசலில் இரண்டு நிமிடம் நின்று படிப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டியலே இல்லாத இடத்தில், குறிப்பாகச் சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கங்களில், வாசலில் நின்று கையைப் பிடித்து அழைப்பவர் இருந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவதே என் வழக்கம்.

முதலில் தேட வேண்டிய சொல் கொப்பேர்த்தோ. மேசை விரிப்பு, தட்டு, கரண்டி, ரொட்டி ஆகியவற்றுக்காகத் தலைக்கு வாங்கும் கட்டணம் இது. பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ வரை இருக்கும். பட்டியலின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். ரொட்டியைத் தொடாவிட்டாலும் இதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியலில் எழுதாமல் பில்லில் மட்டும் சேர்த்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டி நீக்கச் சொல்லலாம். ரோமாபுரி அமைந்துள்ள லாட்சியோ மாநிலத்தில் மட்டும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தக் கட்டணத்தைத் தடை செய்தது. அங்கே அதற்குப் பதிலாக "பானே", அதாவது ரொட்டி என்ற பெயரில் ஒரு தொகை பில்லில் வரும். கூடையிலிருந்த ரொட்டியைச் சாப்பிட்டால் அதைக் கொடுப்பது முறை. வேண்டாமென்றால் கூடை வந்தவுடனேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது சொல் செர்வீட்சியோ. பரிமாறுவதற்கான கட்டணம் என்று பொருள். குடியிருப்புப் பகுதிகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. சுற்றுலாப் பகுதிகளில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ சேர்ப்பார்கள். கொப்பேர்த்தோ ஒரு வரியிலும் செர்வீட்சியோ இன்னொரு வரியிலும் இருக்கிற பட்டியலைப் பார்த்தால், இரண்டையும் கூட்டிவிட்டு விலை கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள். விற்பனை வரியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அது அச்சிட்ட விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது சொல்தான் எங்கள் மீனை விழுங்கியது. எத்தோ என்றால் நூறு கிராம். முழு மீன், இறால் வகைகள், எலும்போடு சுடும் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஆகியவற்றுக்கு "அல்லேத்தோ" என்று போட்டு நூறு கிராமுக்கான விலையை எழுதுவார்கள். ஃபுளோரன்சு பாணி இறைச்சித் துண்டு ஒரு கிலோவுக்குக் குறைந்து வருவது அரிது. நூறு கிராம் 6 யூரோ என்றால் 1.2 கிலோ துண்டுக்கு 72 யூரோ. சில பட்டியல்களில் விலை இருக்க வேண்டிய இடத்தில் எஸ்.கியூ. என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். அளவைப் பொறுத்து விலை என்பதன் சுருக்கம் அது. இப்படிப்பட்ட எதையும் வரவழைக்கும் முன் "குவான்தோ பேசா?" என்று எடையையும், "குவான்தோ வியேனே இன் தூத்தோ?" என்று மொத்த விலையையும் கேளுங்கள். நல்ல உணவகங்களில் மீனைத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்து காட்டி, எடையைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். மெனுவில் இல்லாத இன்றைய சிறப்பு உணவுகளைச் சர்வர் வாயால் அடுக்கும்போதும் இதே கேள்வி பொருந்தும், ஏனென்றால் அவர் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்.

உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைய வைத்த பொருளில் செய்தது என்று அர்த்தம். விளக்கம் பக்கத்தின் அடியில் இருக்கும். கெட்டதல்ல; ஆனால் கடற்கரை ஊரில் புதிய கணவாய் என்று நம்பி வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

5. சைவ உணவுக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் சொற்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்

வெஜெத்தரியானோ என்ற சொல் எல்லோருக்கும் புரியும். ஆனால் தட்டில் இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது சைவம் என்ற எண்ணம் பல சமையலறைகளில் இருக்கிறது. மினெஸ்த்ரோனே என்ற காய்கறிச் சூப்பும் ரிசோத்தோ என்ற அரிசி உணவும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்படலாம். மிலான் பாணி மஞ்சள் ரிசோத்தோவில் மாட்டெலும்பின் மஜ்ஜை சேர்ப்பது வழக்கம். கீரையோடு வரும் ஓரெக்கியேத்தே பாஸ்தாவில் நெத்திலியைக் கரைத்துவிடுவார்கள்; கண்ணுக்குத் தெரியாது, வாயில் மட்டும் தெரியும். அவரைக்கொட்டைச் சூப்பில் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு இருக்கலாம். பியாதீனா என்ற தட்டையான ரொட்டியின் மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு; அந்தக் கொழுப்பின் பெயர் ஸ்த்ரூத்தோ.

எனவே "சோனோ வெஜெத்தரியானோ" என்பதோடு நிறுத்தாமல், "சேன்சா கார்னே, சேன்சா பேஷ்ஷே, சேன்சா ப்ரோதோ தி கார்னே" என்று இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு ஆகிய மூன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நெத்திலியை மீன் கணக்கில் சேர்க்காதவர்களும் இருப்பதால் "சேன்சா அச்சூகே" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெண்கள் "வெஜெத்தரியானா" என்று முடிக்க வேண்டும்.

பாலாடைக்கட்டி விஷயத்தில் கண்டிப்பானவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே செய்யப்படுகிறது. அதன் பாதுகாக்கப்பட்ட பெயருக்கான விதியே அப்படி. பெக்கொரீனோ ரொமானோ என்ற பாலாடைக்கட்டிக்கு ஆட்டுக்குட்டியிலிருந்து எடுத்தது. வேண்டாதவர்கள் "சேன்சா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொன்னால் மேலே தூவ மாட்டார்கள். முட்டை சாப்பிடாதவர்கள், பொலோனியா பக்கத்தில் கையால் செய்யும் பாஸ்தாவில் முட்டை இருக்கும் என்றும், கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். "பாஸ்தா செக்கா" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இனிப்புகளில் திராமிசூவில் பச்சை முட்டையும், பான்னா கோத்தாவில் விலங்குகளிடமிருந்து எடுக்கும் ஜெலட்டினும் வழக்கமாக இருக்கும்.

பயமில்லாமல் வரவழைக்கக்கூடியவையும் உண்டு. மரினாரா பிட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. பெயரைக் கேட்டால் கடல் உணவு போலத் தோன்றினாலும் மீன் கிடையாது. பூண்டும் எண்ணெயும் மிளகாயும் சேர்த்த ஸ்பகெத்தி எல்லா இடத்திலும், மெனுவில் இல்லாவிட்டாலும், கேட்டால் செய்து தருவார்கள். பெப்பெரோனி பிட்சா என்று பார்த்து, இறைச்சி என்று எண்ணி, அசைவர்கள் ஆவலோடு வாங்கி ஏமாறுவதையும், சைவர்கள் பயந்து ஒதுக்குவதையும் பார்த்திருக்கிறேன். இத்தாலிய மொழியில் பெப்பெரோனி என்றால் குடைமிளகாய். அதே போல, ரோமாபுரியில் "நாப்பொலி" என்று கேட்டால் நெத்திலி போட்ட பிட்சா வரும். நேப்பிள்சில் அதே பிட்சாவின் பெயர் "ரொமானா".

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் மான்சோ, வித்தெல்லோ, ப்ரெசாவொலா ஆகிய சொற்களையும், பன்றியைத் தவிர்ப்பவர்கள் மயாலே, ப்ரொஷூத்தோ, பன்ச்சேத்தா, குவான்சாலே, ஸ்பேக் ஆகியவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள். பொலோனியா பாணி ராகூ என்ற இறைச்சிக் குழம்பில் பொதுவாக இரண்டுமே சேர்ந்திருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2014 டிசம்பர் 13 முதல், பொட்டலமிடாத உணவுக்கும் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய தகவலைத் தர வேண்டும். மெனுவில் 1 முதல் 14 வரை எண்கள் தூவியிருந்தால் அவை அதற்கானவை. இல்லையென்றால் தனிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தேங்காயும் கொண்டைக்கடலையும் இல்லை. அவற்றுக்கு ஒவ்வாமை என்றால் "சோனோ அல்லேர்ஜிகோ", பெண்கள் "அல்லேர்ஜிகா", என்று தொடங்கி நீங்களேதான் சொல்ல வேண்டும்.

6. மெனுவின் எல்லாப் பகுதியிலும் ஒன்று வாங்க வேண்டும் என்று எண்ணாதீர்கள்

உள்ளே நுழைந்ததும் காலியான மேசையில் போய் உட்காராமல், "புவொனசேரா" என்று வணக்கம் சொல்லி, எத்தனை பேர் என்று விரலில் காட்டிவிட்டு நில்லுங்கள். அவர்களே அழைத்துப் போவார்கள். 2005 ஜனவரி 10 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. மிலானில் 2025 ஜனவரி முதல் வெளியில் போட்டிருக்கும் மேசைகளுக்கும் அது பொருந்தும். மற்றவர்களிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால்தான் புகைக்கலாம்.

மெனு ஐந்து பகுதிகளாக இருக்கும். ஆன்டிபாஸ்தோ தொடக்கத்துக்கு, ப்ரீமோ பாஸ்தாவோ சோற்றுணவோ சூப்போ, செக்கோன்தோ இறைச்சியோ மீனோ, கொன்தோர்னோ காய்கறி, தோல்ச்சே இனிப்பு. செக்கோன்தோவோடு காய்கறி சேர்ந்து வராது என்பதுதான் இங்கே மாட்டிக்கொள்ளும் இடம்: இறைச்சித் துண்டு மட்டும் தட்டின் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும், உருளைக்கிழங்கோ கீரையோ வேண்டுமென்றால் கொன்தோர்னோ பகுதியில் தனி விலைக்கு வாங்க வேண்டும். இத்தாலியர்களே எல்லாப் பகுதிகளிலிருந்தும் தினமும் வாங்குவதில்லை. ஒரு ப்ரீமோவும் ஒரு கொன்தோர்னோவும் வாங்கினால் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். நால்வர் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு பாஸ்தாவைப் பங்கிட்டால் மட்டும் பார்ப்பார்கள். ஆன்டிபாஸ்தோவைப் பங்கிடுவது சகஜம்.

தண்ணீர் இலவசம் அல்ல. "நத்துராலே" சாதாரணத் தண்ணீர், "ஃபிரித்சான்தே" வாயு நிரப்பியது. ஒரு பாட்டில் 2 அல்லது 3 யூரோ. குழாய்த் தண்ணீர் கேட்கலாம், ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மது அருந்துபவர்களுக்கு மூடியிட்ட பாட்டிலைவிட "வீனோ தெல்லா காசா", அதாவது அந்த உணவகம் வழக்கமாகத் தரும் மது மலிவு. கால், அரை, ஒரு லிட்டர் என்று குவளையில் தருவார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது.

காரம் வேண்டுமென்றால் "ஓலியோ பிக்கான்தே" கேளுங்கள். மிளகாய் ஊறிய எண்ணெய்ப் புட்டி வரும். முடிவில் "காஃபே" என்றால் இரண்டு மிடறில் தீர்ந்துவிடும் கறுப்புக் காப்பிதான். "லாத்தே" என்று கேட்டால் ஒரு கோப்பைப் பால் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் தருவார்கள். ஆனால் அது காலையில் குடிப்பது என்பதால் சர்வரின் புருவம் லேசாக உயரும்.

வேலை நாட்களில் மதியம் போனால் செலவு மிகவும் குறையும். "ப்ரான்சோ தி லவோரோ" அல்லது "மெனூ ஃபிஸ்ஸோ" என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். ஒரு ப்ரீமோ, ஒரு செக்கோன்தோ, தண்ணீர், காப்பி எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 12 முதல் 15 யூரோவுக்குள் முடியும். கொப்பேர்த்தோ அதில் அடக்கமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் அதே இடத்தில் இருவர் சாப்பிட்டால் கணக்கு எப்படி ஏறும் என்பதற்கு என்னிடமிருந்த ஒரு ரசீதைப் பாருங்கள்: கொப்பேர்த்தோ தலைக்கு 2.50 வீதம் 5 யூரோ, தண்ணீர் 3, இரண்டு பாஸ்தா 22, ஒரு கீரை 5, ஒரு இனிப்பு 6, இரண்டு காப்பி 3. மொத்தம் 44. பாஸ்தா விலையை மட்டும் பார்த்து இருபத்திரண்டு யூரோவில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவன் அதில் சரியாக இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன்.

7. பில்லை நீங்கள்தான் கேட்க வேண்டும். ரசீதை விடாமல் வாங்க வேண்டும்

கேட்காமல் பில்லை மேசையில் வைப்பது விருந்தினரை எழுந்து போகச் சொல்வது போலாகும் என்பது இங்குள்ள மரியாதை. சாப்பிட்டு முடித்ததும் சர்வரின் கண்ணைப் பார்த்து "இல் கோன்தோ, பெர் ஃபவோரே" என்று சொல்லுங்கள். பல எளிய உணவகங்களில் நேராகக் கல்லாவுக்குப் போய் மேசை எண்ணைச் சொன்னாலும் போதும்.

மேசைக்கு முதலில் வருவது ப்ரெக்கோன்தோ என்ற கணக்குச் சீட்டு. அதில் "நோன் ஃபிஸ்காலே" என்ற சொற்கள் எங்காவது இருக்கும். அது ரசீது அல்ல. வரிசை வரிசையாகச் சரிபாருங்கள்: தலைகளின் எண்ணிக்கை, தண்ணீர் பாட்டில்களின் எண்ணிக்கை, எடை போட்டு விற்ற பொருள். தவறு இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். பணம் கொடுத்த பின் வரும் "தொக்குமேன்தோ கொம்மெர்ச்சாலே" என்று அச்சிட்ட சீட்டுதான் உண்மையான ரசீது; பேச்சுவழக்கில் ஸ்கொன்த்ரீனோ. உணவு கெட்டிருந்தது, இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டது என்பது போன்ற எந்தப் புகாருக்கும் முக்கிய ஆவணம் அதுவே.

அட்டையில் பணம் செலுத்துவதை மறுக்க உணவகத்துக்கு உரிமை இல்லை. 2022 ஜூன் 30 முதல், மறுத்தால் 30 யூரோவும் அந்தத் தொகையில் 4 சதவீதமும் அபராதம். ஆனாலும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்ற பதில் இன்னும் காதில் விழத்தான் செய்கிறது. எனக்கு ஒரு முறை அப்படிச் சொல்லப்பட்டபோது, பணமாக இல்லை, வங்கிக்கணக்குக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். இயந்திரம் உடனே குணமாகிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யூரோவில் எடுக்கவா, உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

கூட்டமாகப் போனவர்கள் "அல்லா ரொமானா" என்றால் தலைக்குச் சமமாகப் பிரித்துத் தருவார்கள். அவரவர் சாப்பிட்டதற்குத் தனித்தனிப் பில் கேட்பதைச் சனி இரவில் செய்யாதீர்கள்; வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மான்ச்சா என்ற அன்பளிப்பு கட்டாயமில்லை. 44 வந்தால் 45ஆக வைத்துவிட்டுப் போவது போதும். பிடித்திருந்தால் இன்னும் ஓரிரு யூரோ. மீந்ததைக் கட்டிக்கொண்டு போக "போஸ்ஸோ போர்த்தார்லோ வியா?" என்று கேளுங்கள், அலுமினியப் பெட்டியில் வைத்துத் தருவார்கள்.

8. அலுவலகச் செலவில் சாப்பிடுபவர்களுக்கு

வேலைக்கு வந்தவர்களுக்கு நிறுவனம் புவோனோ பாஸ்தோ என்ற உணவுச்சீட்டைத் தரக்கூடும். இப்போது பெரும்பாலும் அது ஒரு அட்டை. எல்லா உணவகமும் அதை ஏற்பதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நிறுவன முத்திரைகளில் உங்கள் அட்டையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். ஒரே நேரத்தில் எட்டுச் சீட்டுகள் வரை சேர்த்துக் கொடுக்கலாம், மீதிச் சில்லறை கிடைக்காது, வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. 8 யூரோச் சீட்டு இரண்டைக் கொடுத்து 13 யூரோவுக்குச் சாப்பிட்டால் 3 யூரோ போனது போனதுதான்; ஒரு சீட்டையும் மீதியை வங்கி அட்டையிலும் கொடுங்கள்.

பயணச் செலவைத் திரும்பப் பெற நிறுவனத்துக்குச் சாதாரண ரசீது போதாமல் ஃபத்தூரா என்ற விலைவிவரச் சீட்டு தேவைப்பட்டால், அதைப் பணம் கொடுத்து ரசீது அச்சாவதற்கு முன்பே கேட்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், முகவரி, பர்த்தீத்தா ஈவா என்ற வரி எண், மின்னணு விலைச்சீட்டு போய்ச்சேர வேண்டிய ஏழு எழுத்துக் குறியீடு ஆகிய நான்கையும் கைப்பேசியில் ஒரே படமாகச் சேமித்து வைத்துக்கொண்டு கல்லாவில் காட்டுங்கள். தனிநபர் பெயரில் வேண்டுமென்றால் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற பதினாறு எழுத்துத் தனிநபர் வரிக் குறியீடு போதும். 2019 முதல் இவையெல்லாம் மின்னணு முறையிலேயே அனுப்பப்படுவதால், கையில் கிடைப்பது நகல் மட்டுமே. அசல் உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குச் சில நாட்களில் போய்ச் சேரும். ரசீது அச்சான பிறகு போய்க் கேட்டால் இனி முடியாது என்று கைவிரிப்பார்கள். எனக்கு அப்படி இரண்டு பேரின் மதியச் சாப்பாட்டுப் பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது.